வேடிக்கை பார்க்கிற கண்ணும் ஆளைப் பார்க்கிற கண்ணும்

பாரிஸ் பட்டணத்தில் இராத்திரிக் கொட்டகையில் ஆடிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "திராட்சைக்கு மருந்து அடிக்க ஆள் வரலைன்னு நான் அல்லாடிக்கிட்டு இருக்கேன். உனக்குப் பாரிஸ் கேக்குதாக்கும்!" என்றார். நியாயம்தான். ராயப்பன்பட்டியில் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தவள் நான். பத்தாவது வரை படித்தவள். ஆனாலும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது பாரிஸ் கதை மட்டும் இல்லை. நான் செய்த ஒரு தப்பும் இதில் இருக்கிறது.

என் மகள் கும்பகோணத்தில் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது தலையணை மாதிரி ஒரு படப் புத்தகம் கொண்டு வந்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு படம் வந்ததும், "இருடி, திருப்பாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். நீளக் கோட்டு, தலையில் தொப்பி. மெலிந்த முகம். கண் தரையைப் பார்க்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற களைப்பு அந்த முகம் முழுவதும் இருந்தது. "யாருடி இது? டீச்சரா?" என்று கேட்டேன். "இல்லம்மா. பாரிஸ்லயே பேர் போன டான்ஸ்காரி. மூலான் ரூஜ்ங்கிற கொட்டகையில ஆடிட்டு வெளியே போறப்ப வரைஞ்சது. 1892ல" என்றாள்.

எனக்குப் பூண்டு உரிக்கக் கை வரவில்லை. இந்த முகத்தை நான் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் நடந்தது

எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி. பெயர் வேண்டாம். ஒரே பெஞ்சு, ஒரே தூக்குச்சட்டி. எட்டாவதோடு அவள் நின்றுவிட்டாள். அவள் அப்பா நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர். குடும்பத்தோடு கரகாட்டத்துக்குப் போனாள். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் அம்மன் கோயில் பொங்கலுக்குக் கணக்கே கிடையாது. இராத்திரி பத்து மணிக்குத் தலையில் கரகத்தை ஏற்றினால் விடிய விடிய ஆட்டம். ரூபாய் நோட்டைக் குத்துகிறவன் குத்துவான், வாயில் வந்ததைப் பேசுகிறவன் பேசுவான்.

பதினெட்டு வருஷம் இருக்கும். விடிகாலையில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் நானும் என் மாமியாரும் நின்றோம். என் இடுப்பில் இரண்டு வயசு மகள். சிமெண்டு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பாதி துடைத்த பவுடர், மேலே ஒரு பழைய சால்வை, மடியில் சலங்கைப் பை. என்னைப் பார்த்ததும் முகம் மலர எழுந்து வந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

நான் பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"யாரு தாயி அது?" என்றார் மாமியார். "தெரியலைத்தே" என்றேன்.

அவ்வளவுதான். அவள் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சால்வையும் குனிந்த முகமும்தான் புத்தகத்தில் என் முன்னால் கிடந்தது. அதனால்தான் மகளை விடவில்லை. இந்தப் பெண் யார், வரைந்தவர் யார், முழுசாகச் சொல் என்று உட்கார வைத்தேன்.

இரண்டு நோயாளிகள்

வரைந்தவர் பெயர் துலூஸ் லோத்ரெக். பிரான்சின் தென்பகுதியில் ஆல்பி என்ற ஊரில் 1864 நவம்பர் 24ல் பிறந்தவர். ராஜ வம்சத்துக்கு ஒப்பான பிரபுக் குடும்பம். குதிரை, வேட்டை, பங்களா, எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைக்கு எலும்பில் பலமில்லை. 1878ல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது விழுந்து ஒரு தொடை எலும்பு ஒடிந்தது. மறு வருஷம் ஒரு பள்ளத்தில் விழுந்து இன்னொரு தொடை. அதற்குப் பிறகு உடம்பு வளர்ந்தது, கால் வளரவில்லை. கடைசிவரை அவர் உயரம் ஐந்து அடிக்கு மேல் போகவில்லை. எக்ஸ்ரே என்ற ஒன்றே 1895ல்தான் வந்தது. அதனால் பாவம், பெற்றவளுக்கு என்ன வியாதி என்றுகூடத் தெரியாது. ஊர் ஊராக வெந்நீர் ஊற்றுக்கும் வைத்தியத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

இங்கே நம் வீடுகளுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. லோத்ரெக்கின் அப்பாவைப் பெற்றவளும் அம்மாவைப் பெற்றவளும் உடன்பிறந்த அக்கா தங்கை. நம் வழக்கத்தில் அது அண்ணன் தங்கை முறை, கட்ட மாட்டோம். ஆனால் ரத்தத்துக்கு அத்தை மகன், மாமன் மகன் என்கிற கணக்கெல்லாம் தெரியாது. நெருங்கின சொந்தம் என்றால் எல்லாம் ஒன்றுதான். அந்தக் குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தும் இருக்கிறார்கள். அப்பாவின் உடன்பிறந்தாள் அம்மாவின் உடன்பிறந்தானுக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த வீட்டிலும் சில குழந்தைகளுக்கு இதே மாதிரி குறை. ஒரே குறையைத் தாயும் தகப்பனும் வெளியே தெரியாமல் உடம்பில் வைத்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு குழந்தைக்கு வர வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். நானும் அத்தை மகனைக் கட்டியவள்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை. சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது, இரண்டு பக்கமும் பிறவிக் குறை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டுக்கொள்ளுங்கள். ஜாதகம் பார்ப்பதற்கு ஆகிற நேரம்கூட ஆகாது.

அந்தப் பெண்ணின் பெயர் ஜேன் அவ்ரில். 1868ல் பாரிசில் பிறந்தவள். பெற்ற தாயே அடித்துக் கொடுமைப்படுத்த, வீட்டை விட்டு ஓடிவிட்டாள். 1882ல், பதினாலு வயசில், சால்பெத்ரியேர் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கையும் காலும் முகமும் தன்னிஷ்டத்துக்கு வெட்டி வெட்டி இழுக்கிற வியாதி. 'வைட்டஸ் புனிதரின் நடனம்' என்று அதற்கு அந்தக் காலத்துப் பெயர். அங்கே ஷார்கோ என்ற பெயர் பெற்ற நரம்பு டாக்டர் இருந்தார். நோயாளிப் பெண்களை மேடையில் நிறுத்தி, கூடியிருக்கிறவர்கள் முன்னால் பாடம் நடத்துவது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். வெளியூரிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள்.

தாய்மார்களே, இந்த இழுப்பு வியாதி இன்றும் உண்டு. சாதாரணத் தொண்டைப் புண்ணாக ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் சில வாரமோ மாதமோ கழித்து, ஐந்திலிருந்து பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, இப்படிக் கை கால் இழுக்கலாம். கூடவே இருதய வால்வையும் கெடுத்துவிடும். நம் பக்கத்தில் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். வேண்டாம். தொண்டைப் புண்ணுக்கே டாக்டரிடம் காட்டி, கொடுக்கிற மாத்திரையை நாள் கணக்குக் குறையாமல் முடித்தால் வராமல் தடுத்துவிடலாம்.

ஜேன் ஒன்றரை வருஷம் போல அங்கே இருந்தாள். நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு நடன விருந்து வைப்பார்களாம். அதில் ஆடும்போதுதான் தனக்கு ஆட்டம் வரும் என்பதையே அவள் கண்டுபிடித்தாள். எந்தக் கால் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதோ அதே கால்தான் பிற்பாடு அவளுக்குச் சோறு போட்டது.

சிவப்புக் காற்றாலை

1889 அக்டோபர் 6ந் தேதி, பாரிசில் மோன்மார்த் என்ற மேட்டின் அடிவாரத்தில் மூலான் ரூஜ் திறந்தார்கள். பெயருக்கு அர்த்தம் சிவப்புக் காற்றாலை. குடி, பாட்டு, ஆட்டம் என்று விடிய விடிய விளக்கெரியும். சீமான்களும் வருவார்கள், சில்லறை வியாபாரிகளும் வருவார்கள். அங்கே ஜேன் ஆடினாள். மற்றவர்கள் கூட்டமாக ஆடுவார்கள். இவள் அநேகமாகத் தனியாக ஆடுவாள். ஒரு வெடிமருந்தின் பெயரைப் பட்டப்பெயராக வைத்தார்கள் என்றால் அவள் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே கொட்டகையில் மேஜை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பென்சிலும் காகிதமுமாகத் தினமும் உட்கார்ந்திருப்பார் லோத்ரெக். 1891ல் மூலான் ரூஜுக்காக அவர் போட்ட முதல் சுவரொட்டி சுமார் 3,000 பிரதிகள் பாரிஸ் சுவரெல்லாம் ஏறியது. லித்தோ அச்சு. நம் சிவகாசியிலும் ஒரு காலத்தில் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அடித்த அதே கல் அச்சுதான். ஒரே ராத்திரியில் அவர் பெயர் ஊரறிந்துவிட்டது.

இருவருக்கும் சிநேகிதம் உண்டானது இங்கேதான். ஆணும் பெண்ணும் பேசினாலே நாம் ஒரு பெயர் வைத்துவிடுவோம். ஆனால் பல வருஷம் நீடித்த இந்த உறவைச் சிநேகிதம் என்றுதான் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவருடைய ஓவியக்கூடத்துக்கு அவள் வருவாள், படத்துக்கு உட்காருவாள். இன்னொன்று கேளுங்கள், லோத்ரெக் கைதேர்ந்த சமையல்காரர்! சிநேகிதர்களைக் கூப்பிட்டுத் தானே சமைத்துப் போடுவதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. அவர் காலமான பிறகு 1930ல் மொரீஸ் ஜோயான் என்ற நண்பர் அவருடைய சமையல் குறிப்புகளைப் புத்தகமாகவே போட்டார்.

எதனால் இந்தச் சிநேகிதம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். தெருவில் போனால் லோத்ரெக்கை ஊரே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். ஜேனோ, நோயாளிகளை வேடிக்கைப் பொருளாக நிறுத்துகிற ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். வேடிக்கை பார்க்கிற கண் எப்படிக் குத்தும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் ஒருவரை ஒருவர் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை. இது என் யோசனை, தப்பென்றால் மன்னியுங்கள்.

ஆட்டக்காரி இல்லை, ஆள்

நான் சொல்வது சரியா என்று அவர் வரைந்த படங்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஜேனை ஆட்டக்காரியாக வரைந்திருக்கிறார், வாஸ்தவம். 1893ல் 'பாரிஸ் தோட்டம்' என்ற அரங்கில் ஆட வாய்ப்பு வந்தபோது அவளே, "எனக்குச் சுவரொட்டி நீங்கள்தான் போட வேண்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். காலைத் தூக்கி ஆடுகிற அந்தப் படம் உலகப் பிரசித்தம். ஆனால் அதிலும் முகத்தைப் பாருங்கள். சிரிப்பில்லை. வேலை செய்கிறவளின் முகம்.

மற்ற படங்கள்தான் அதிசயம். ஒன்றில், கொட்டகைக்குள் நுழைகிற இடத்தில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருக்கிறாள். லண்டன் மியூசியம் ஒன்றில் அது இருக்கிறது. இன்னொன்றில், கறுப்பு உடையில் பார்வையாளர்களோடு உட்கார்ந்து அடுத்தவர் பாட்டைக் கேட்கிறாள். 1893லேயே ஒரு படத் தொகுப்பின் அட்டைக்காக வரைந்ததில், அச்சாபீஸில் வயசான மெஷின்காரர் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்க, இவள் அப்போதுதான் வந்த அச்சைக் கையில் பிடித்து உற்றுப் பார்க்கிறாள். படம் நன்றாயிருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரிந்தவள் என்று அர்த்தம். ஆடுகிறவளுக்கு மூளை உண்டு, ரசனை உண்டு, களைப்பு உண்டு என்று அவர் ஊருக்கே எடுத்துக் காட்டினார்.

என்னை நிறுத்திய படமும் அந்த வரிசைதான். உள்ளே கைதட்டுகிறவர்கள் ஆயிரம் பேர். அவள் கோட்டு மாட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போவதைப் பார்த்தவர் அவர் ஒருவர். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயசுதான். படத்தில் நாற்பது சொல்லலாம்.

1896ல் லண்டனில் ஆடப் போன குழுவுக்கும் ஜேன் கேட்டுத்தான் சுவரொட்டி வரைந்து கொடுத்தார். 1899ல் கடைசியாக ஒன்று, உடையில் பாம்பு சுற்றிக்கொண்டிருக்கிற படம். அதுவும் அவளுக்காகவே. அந்த வருஷம் அவர் இருந்த நிலைமை பரிதாபம். குடி அவரைத் தின்றுவிட்டது. கைத்தடியைக் குடைந்து உள்ளே சாராயம் ஊற்றி வைத்திருப்பார் என்று சொல்வார்கள். மன நோய் விடுதியில் சில மாதம் அடைத்து வைத்தார்கள். 'என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது' என்று காட்டுவதற்காக, சர்க்கஸ் காட்சிகளை மனசிலிருந்தே வரைந்து கொடுத்து வெளியே வந்தார். ஆனால் குடி விடவில்லை. 1901 செப்டம்பர் 9ந் தேதி, தாயார் வாங்கியிருந்த மல்ரோமே என்ற திராட்சைத் தோட்டத்து மாளிகையில், தாயார் பக்கத்திலிருக்கக் கண் மூடினார். வயசு முப்பத்தாறு. 700க்கு மேல் ஓவியம், 5,000 போலச் சித்திரம் விட்டுப் போனார். பெற்றவள் தன்னிடம் இருந்த படங்களைப் பத்திரமாகக் காத்து ஆல்பிக்குக் கொடுத்தாள். 1922ல் அங்கே மியூசியம் திறந்தார்கள்.

திராட்சைத் தோட்டம் என்று மகள் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர்த் திராட்சையே 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது என்பார்கள். பழம் என்னவோ அதே பழம்தான். குடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அங்கே மட்டுமா இருக்கிறாள்? நம் தெருவிலும் இருக்கிறாள்.

ஜேன் 1911ல் ஓர் ஓவியரையே கல்யாணம் செய்துகொண்டாள். 1926ல் அவரும் போய்விட்டார். கடைசிக் காலத்தில் வறுமை. 1943ல் முதியோர் இல்லத்தில் இறந்தாள். அதற்குப் பத்து வருஷம் முன்னால் தன் கதையைப் பத்திரிகையில் எழுதியபோது, தனக்குக் கிடைத்த பெயரெல்லாம் லோத்ரெக்கின் படங்களால் வந்தது என்று நன்றியோடு சொன்னாள். அவர் போய் முப்பது வருஷம் கழித்து! சிநேகிதம் என்றால் அது.

என் வீட்டுத் திண்ணையில்

இவ்வளவையும் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு இருந்த கண், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்ட எனக்கு இல்லாமல் போயிற்றே! இரண்டு நாள் கழித்து விசாரித்து நம்பர் வாங்கி, போன் செய்தேன். "யாரு?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இப்ப என்னடி திடீர்னு?" என்றாள். "வீட்டுக்கு வா" என்றேன். "வாரேன்" என்றாளே தவிர, மூன்று வாரம் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

ஆட்டத்தை விட்டு நாலு வருஷமாயிற்றாம். கழுத்து வலி. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து வைத்திருக்கிறாள். இரண்டு பெண்களில் ஒருத்தியை நர்ஸுக்குப் படிக்க வைத்துவிட்டாள். என் மாமியார் இப்போது இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே நான் பயந்த அளவு அவர் கோபித்திருக்க மாட்டாரோ என்றும் தோன்றுகிறது. பயம் எனக்குள்ளேதான் இருந்தது.

சாப்பாடு போட்டுக்கொண்டே, "அன்னிக்கு உத்தமபாளையத்தில..." என்று நான் ஆரம்பித்ததும் அவள் சிரித்தாள்.

"பஸ் போர்டைத்தானே படிச்ச? நீ படிச்ச போர்டு சைக்கிள் கடை விளம்பரம்டி. நான்தான் விடிய விடிய உட்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேனே, எனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள், எனக்குத்தான் அழுகை வந்தது. "விடு. வட்டிச் சோறு ஆறுது" என்று என்னை அதட்டினாள். மன்னித்தாள் என்று அவள் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் என் மகள் அவளைத் திண்ணையில் உட்காரச் சொன்னாள். "பெரியம்மா, அசையாம இருங்க" என்று இரண்டு மணி நேரம் வரைந்தாள். அன்றைக்குக் கன்னத்தைத் தொட விடாமல் நான் திருப்பிக்கொண்ட அதே பிள்ளைதான். "கரகம் எங்கத்தா? தலையில கரகம் இல்லாம என்னையப் போயி யாரு படம் வரைவா?" என்றாள் என் சிநேகிதி. "கரகம் வேண்டாம் பெரியம்மா, நீங்க மட்டும் போதும்" என்றாள் மகள்.

படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "பரவாயில்ல, என்னைய மாதிரியேதான் இருக்கேன்" என்று சொல்லி, மடிக்காமல் பேப்பரில் சுருட்டிக் கொண்டு போனாள். இப்போது அது அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. போன வாரம் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சகோதரிகளே, அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊரிலும் ஆட்டம் நடக்கும். பார்த்து ரசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மறுநாள் விடிகாலையில் பஸ் ஸ்டாண்டில் சால்வை போர்த்தி ஒருத்தி உட்கார்ந்திருந்தால், "ஒரு காப்பி சாப்பிடுறியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதினெட்டு வருஷம் கழித்து என் மாதிரி போன் நம்பர் தேடி அலைய வேண்டாம் பாருங்கள்.